உளவுப் பட இசை: கேட்பது முதல் சேகரிப்பது வரை – முழுமையான வழிகாட்டி

ஜேம்ஸ் பாண்ட் பட ஆல்பத்தை ஆசையாக வாங்கி ஓடவிடுகிறவர் முதலில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தியேட்டரில் உட்காரவிடாமல் செய்த அந்தத் துரத்தல் காட்சியின் இசை ஆல்பத்தில் இருக்காது. இருந்தால் பாதிதான் இருக்கும், அல்லது வேறு விதமாக வாசித்திருப்பார்கள். உளவுப் படங்களைப் பொறுத்தவரை படத்தில் ஒலிப்பது ஒன்று, ஆல்பமாக வெளிவருவது இன்னொன்று. இந்த வித்தியாசம் தெரிந்தவர் சேகரிப்பாளர். தெரியாதவர் அட்டைப் படத்துக்குக் காசு கொடுக்கிறவர்.

மேற்கத்திய இசைக் குறிப்பு படிக்கத் தெரியாதவருக்கும், வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இல்லாதவருக்கும் சேர்த்தே இந்த வழிகாட்டி. காதில் தொடங்கி அலமாரியில் முடிப்போம்.

படி 1: பைசா செலவழிக்கும் முன் படத்தோடு கேளுங்கள்

முதலில் ஐந்து படங்கள் போதும். ஒவ்வொன்றிலும் கவனிக்க வேண்டியது வேறு.

நார்த் பை நார்த்வெஸ்ட் (1959): ஹிட்ச்காக்கின் படம், பெர்னார்ட் ஹெர்மனின் இசை. டைட்டில் ஓடும்போது ஸ்பானிய ஃபாண்டாங்கோ நடனத்தின் தாளம் படபடக்கிறது. அதைவிட முக்கியம், சோளக்காட்டில் கேரி கிரான்ட்டை விமானம் துரத்தும் காட்சி. விமானம் லாரியில் மோதும்வரை அங்கே இசையே கிடையாது. எங்கே சும்மா இருப்பது என்பதும் இசையமைப்பாளரின் வேலைதான்.

கோல்டுஃபிங்கர் (1964): ஜான் பேரி. ஷெர்லி பாஸி பாடிய டைட்டில் பாட்டின் மெட்டு படம் முழுக்க வேடம் மாற்றி வருவதைப் பிடியுங்கள்.

தி இப்க்ரஸ் ஃபைல் (1965): இதுவும் ஜான் பேரிதான். ஆனால் இங்கே டிரம்பெட் முழக்கம் இல்லை. சிம்பலம் என்ற ஹங்கேரிய வாத்தியம் தனியாக ஒலிக்கிறது. நம் சந்தூருக்கு உறவு. மைக்கேல் கெய்னின் நாயகன் கண்ணாடி போட்டுக்கொண்டு சமையல் செய்கிற, சம்பளத்தைப் பற்றி முணுமுணுக்கிற ஒற்றன். அவனுக்கு இந்த ஒலிதான் பொருந்தும்.

தி பார்ன் ஐடென்டிட்டி (2002): ஜான் பவல். தந்தி வாத்தியங்கள் ஒரே சிறு துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்க, மேலே ஒற்றை பஸூன் தன் பெயரையே மறந்த மனிதனுக்காகப் பேசுகிறது. இதற்குப் பின் வந்த எத்தனையோ ஆக்‌ஷன் படங்கள் இந்தப் பாணியைப் பின்பற்றின.

டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை (2011): ஸ்பெயின்காரரான அல்பெர்தோ இக்லேசியாஸ். துப்பாக்கி அதிகம் வெடிக்காத படம். சந்தேகத்தையும் சோர்வையும் மெல்லிய ஒலியில் சொல்லும் இந்த இசை ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

கேட்கும் முறை எளிது. பிடித்த ஒரு காட்சியை மூன்று முறை ஓட்டுங்கள். ஒரு முறை வழக்கம்போல, அடுத்த முறை ஒலியை அணைத்து, மூன்றாம் முறை திரைக்கு முதுகைக் காட்டி. இசை எந்த நொடியில் நுழைகிறது, எப்போது விலகுகிறது என்பது மூன்றாம் முறையில் பளிச்சென்று தெரியும்.

படி 2: பாண்ட் மெட்டைப் பிரித்துப் பாருங்கள்

உளவுப் பட இசையின் அரிச்சுவடி ஜேம்ஸ் பாண்ட் தீம். 1962 ஜூனில் டாக்டர் நோ படத்துக்காக லண்டனில் பதிவானது. மெட்டு மான்ட்டி நார்மனுடையது. அதற்கு இன்றைய உருவம் கொடுத்த வாத்திய அமைப்பு ஜான் பேரியுடையது. கணீரென்ற அந்த கிடார் வாசிப்பு விக் ஃபிளிக்கின் கைவண்ணம்.

இதில் நமக்குச் சுவையான ஒரு கிளைக் கதை உண்டு. டிரினிடாடில் வாழும் இந்தியக் குடும்பத்தைப் பற்றி வி.எஸ். நைபால் எழுதிய நாவல் எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ். அதை மேடை இசை நாடகமாக்கும் திட்டத்துக்காக நார்மன் எழுதிவைத்திருந்த ஒரு பாட்டின் மெட்டுதான் பாண்டுக்கு வந்து சேர்ந்தது. இந்தியச் சாயலில் போட்ட மெட்டு பிரிட்டிஷ் உளவாளியின் அடையாளமாகிவிட்டது. உண்மையான ஆசிரியர் பேரிதான் என்று எழுதிய சண்டே டைம்ஸ் பத்திரிகைமீது நார்மன் அவதூறு வழக்குப் போட்டு, 2001-இல் வென்று, 30,000 பவுண்டு இழப்பீடு பெற்றார்.

கர்நாடக இசை கொஞ்சம் தெரிந்தவர்கள் இந்த மெட்டை ஸ்வரமாகவே பிடித்துவிடலாம். ஆரம்பத்தில் அடியில் ஊர்ந்து வரும் நான்கு ஒலிகள்: பஞ்சமம், சுத்த தைவதம், சதுச்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம். இரண்டு தைவதங்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வருவதால்தான் அந்த நெருடல். மேலே கிடார் ஷட்ஜம், சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரத்தைச் சுற்றுகிறது. கடைசியில் தொங்கலாக நிற்கும் கிடார் நாதத்தில் காகலி நிஷாதம் சேர்ந்திருக்கிறது. கீரவாணிக்கும் கௌரிமனோகரிக்கும் இடையே உள்ள வேறுபாடே தைவதம்தான். இந்த இசை அவை இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறது. ராகம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் அமைதியின்மை எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிடும்.

இது பிடிபட்டுவிட்டால், பின்னால் வந்த எந்த பாண்ட் படத்திலும் ஊர்ந்து வரும் அந்த நான்கு ஒலிகளை மட்டும் கேட்டே “இதோ வருகிறார்” என்று சொல்லிவிடலாம். கேஸினோ ராயல் (2006) இசையில் டேவிட் ஆர்னால்டு இந்தத் தீமை முழுசாகக் கொடுக்காமல் இழுத்தடித்து, கடைசிக் காட்சியில் நாயகன் தன் பெயரைச் சொல்லிய பிறகே கொட்டித் தீர்க்கிறார். முன்னே ஒலிக்கும் துணுக்குகளை அடையாளம் கண்டவருக்குத்தான் அந்த முடிவு இரட்டிப்பாக இனிக்கும்.

படி 3: தாளத்தை விரலில் எண்ணுங்கள்

அர்ஜென்டினாவில் பிறந்த லாலோ ஷிஃப்ரின் 1966-இல் தொலைக்காட்சித் தொடருக்காகப் போட்ட மிஷன்: இம்பாஸிபிள் தீம் ஐந்து எண்ணிக்கைத் தாளம். மேற்கத்தியப் பாட்டுகளின் வழக்கமான நாலுக்குப் பழகியவர்கள் இதில் தடுமாறுவார்கள். கண்டம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியம் இல்லை. தகிட தகிட தக தக என்று சொல்லிக்கொண்டே கூடப் போட்டுப் பாருங்கள், கச்சிதமாக உட்காரும். இரண்டு நீளம், இரண்டு குட்டை. மோர்ஸ் தந்திக் குறியில் எம், ஐ என்ற எழுத்துகளுக்கும் அதே வரிசைதான்.

இத்தொடருக்கு ஷிஃப்ரின் போட்ட இன்னொரு மெட்டும் உண்டு. தி பிளாட் என்று பெயர். குழுவினர் சத்தமில்லாமல் வேலையில் இறங்கும்போது வரும் நடை மெட்டு. டாம் குரூஸ் படங்களில் மைக்கேல் ஜியாக்கினோ, ஜோ கிரேமர், லார்ன் பால்ஃப் ஆகியோர் அதை எங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று தேடுவது நல்ல பயிற்சி.

படி 4: இசையமைப்பாளரைப் பின்தொடருங்கள்

நடிகரின் பெயரைப் பார்த்து வாங்கினால் சேகரிப்பு சிதறும். இசையமைப்பாளரைப் பிடித்துக்கொண்டு போனால் ஒழுங்காக வளரும். தொடக்கத்துக்கு நான்கு பேர் போதும்.

ஜான் பேரி (1933–2011): யார்க் நகரில் தியேட்டர் உரிமையாளரின் மகன். டிரம்பெட் வாசித்தவர். 1963 முதல் 1987 வரை 11 பாண்ட் படங்களுக்கு இசை. ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ் (1969) படத்தில் ஆர்க்கெஸ்ட்ராவோடு மூக் சின்தசைசரைச் சேர்த்தார். அவருடைய பாண்ட் இசையில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் கைகாட்டுவது அதைத்தான். ஆரவாரமே இல்லாத பேரி வேண்டுமா? தி குவில்லர் மெமோரண்டம் (1966).

பெர்னார்ட் ஹெர்மன்: 1966-இல் டார்ன் கர்ட்டன் படத்துக்கு 12 புல்லாங்குழல், 16 ஹார்ன், 9 டிரோம்போன் என்று ஒரு விசித்திரப் படையைத் திரட்டினார். மக்கள் முணுமுணுக்கும் மெட்டு வேண்டும் என்று எதிர்பார்த்த ஹிட்ச்காக் பதிவையே நிறுத்திவிட்டார். ஜான் ஆடிசனின் இசையோடு படம் வெளிவந்தது. இருவரின் நீண்ட நட்பும் அதோடு முறிந்தது. ஒதுக்கப்பட்ட ஹெர்மன் இசையை எல்மர் பெர்ன்ஸ்டீன் 1977-இல் புதிதாக வாசித்து இசைத்தட்டாக்கினார். அதனால்தான் ஒரே படத்துக்கு இரண்டு இசையமைப்பாளர்களின் தட்டுகளைச் சேகரிக்க முடிகிறது.

ஜெர்ரி கோல்ட்ஸ்மித்: பாண்டைக் கிண்டலடித்த அவர் மேன் ஃபிளின்ட் (1966) ஒரு முனை, தி ரஷ்யா ஹவுஸ் (1990) மறு முனை. பின்னதில் பிரான்ஃபர்ட் மர்சாலிஸின் சாக்ஸஃபோன் காதலையும் தனிமையையும் மாறிமாறிச் சொல்கிறது. அந்த மெட்டு முதலில் வால் ஸ்ட்ரீட், பிறகு ஏலியன் நேஷன் என்று இரண்டு படங்களுக்குப் போய்த் திரும்பி, மூன்றாவதாக இங்கே இடம்பிடித்தது.

லாலோ ஷிஃப்ரின் (1932–2025): ஜாஸும் லத்தீன் தாளமும் கலந்த கை. அவருடைய மிஷன்: இம்பாஸிபிள் தொலைக்காட்சி இசையை லா-லா லேண்ட் நிறுவனம் 2015-இல் ஆறு சிடி பெட்டியாக வெளியிட்டது.

இவர்களுக்குப் பிறகு டேவ் குருசினின் த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டர் (1975), டேவிட் ஷயர் தனி பியானோவை முன்னிறுத்திய தி கான்வர்சேஷன் (1974), ஸ்கைஃபாலுக்கு (2012) தாமஸ் நியூமன் என்று நகரலாம்.

படி 5: அட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சேகரிப்பில் பணம் வீணாவதும் மிச்சமாவதும் இந்தப் படியில்தான். உளவுப் பட இசை ஐந்து விதமாக வெளிவருகிறது.

1. அந்தக் காலத்து மூல ஆல்பம். படம் வெளியாகும்போதே கடைக்கு வர வேண்டும் என்ற அவசரத்தில் தயாரானது. தண்டர்பால் (1965) ஆல்பம் அச்சுக்குப் போனபோது பேரி முழு இசையையும் முடித்திருக்கவில்லை. அதனால் படத்தின் பிற்பகுதி இசை அதில் இல்லை. கோல்டுஃபிங்கர் பிரிட்டிஷ் தட்டில் இருந்த நான்கு பகுதிகள் அமெரிக்கத் தட்டில் கிடையாது. அந்த அமெரிக்கத் தட்டுதான் 1965-இல் அங்கே விற்பனையில் முதலிடம் பிடித்தது.

2. ஆல்பத்துக்காகவே புதிதாக வாசித்தது. 1967-இல் வந்த மிஷன்: இம்பாஸிபிள் எல்பி இந்த ரகம். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் தொலைக்காட்சியில் ஒலித்த பதிவு அதுவல்ல.

3. விரிவாக்கப் பதிப்பு. ஒரு காலத்தில் அமெரிக்க வாத்தியக் கலைஞர் சங்கத்துக்கு மறுபயன்பாட்டுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் பல சிடிகள் 30 நிமிடத்தோடு நின்றன. பிற்பாடு முழு இசையையும் தேடி எடுத்து, தெளிவான ஒலியில், விவரமான கையேட்டோடு சிறு நிறுவனங்கள் வெளியிடத் தொடங்கின. லா-லா லேண்ட், இன்ட்ராடா, வரேஸ் சரபாண்ட், மாட்ரிட்டின் குவார்டெட் ஆகிய பெயர்களை நினைவில் வையுங்கள். பெரும்பாலும் சில ஆயிரம் பிரதிகளே அச்சாகும். தீர்ந்தால் விலை ஏறும்.

4. வேறு ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. ரோலண்ட் ஷா 1960-களில் வாசித்த பாண்ட் தட்டுகள் ரசனையானவை. சில்வா ஸ்க்ரீன் நிறுவனத்துக்காக பிராக் நகர ஆர்க்கெஸ்ட்ராவை வழிநடத்திய நிக் ரெய்ன் பேரியின் உதவியாளராக இருந்தவர், ஆகவே நம்பி வாங்கலாம். வாசித்தவர் பெயரே இல்லாத தொகுப்புகளைத் தவிர்த்துவிடுங்கள்.

5. படத்தின் பெயரில் பாட்டுத் தொகுப்பு. 1996-இன் மிஷன்: இம்பாஸிபிள் படத்துக்கு இரண்டு ஆல்பங்கள். ஒன்றில் டேனி எல்ஃப்மனின் பின்னணி இசை. மற்றொன்றில் பெரும்பாலும் படத்தில் ஒலிக்காத பாப் பாட்டுகள். அட்டையில் ‘இன்ஸ்பயர்டு பை’ என்று கண்டால் கையை எடுத்துவிடுங்கள். ‘ஒரிஜினல் ஸ்கோர்’ என்பதைத் தேடுங்கள்.

தலைகீழான உதாரணங்களும் உண்டு. கோல்டன்ஐ (1995) படத்தில் டாங்கித் துரத்தலுக்கு எரிக் செரா போட்ட இசையை எடுத்துவிட்டு ஜான் ஆல்ட்மன் எழுதியதைச் சேர்த்தார்கள். செராவின் இசை ஆல்பத்தில் மட்டும் வாழ்கிறது. கேஸினோ ராயல் ஆல்பத்திலோ கிறிஸ் கார்னெல் பாடிய டைட்டில் பாட்டே இல்லை. பின்பக்கப் பட்டியலைப் படிக்காமல் காசு கொடுக்கக் கூடாது என்பதற்கு இவ்வளவு போதும்.

படி 6: உங்களுக்கு எந்த வடிவம்?

ஸ்ட்ரீமிங்: இங்கே தொடங்குங்கள். எது பிடிக்கிறது என்று தெரிவதற்கே கொஞ்ச காலம் ஆகும். ஒரே தலைப்பில் பலர் வாசித்தது குவிந்திருக்கும் என்பதால் கலைஞர் பெயரைச் சரிபாருங்கள்.

சிடி: இந்தத் துறைக்கு இதுவே சிறந்தது என்பது என் கருத்து. விரிவாக்கப் பதிப்புகளில் பெரும்பாலானவை சிடியாகத்தான் வருகின்றன. எந்தக் காட்சிக்கு எந்தத் துண்டு, எது படத்தில் வெட்டப்பட்டது என்று கையேடே பாடம் நடத்தும்.

எல்பி: அட்டை ஓவியத்துக்காகவும் அந்தக் காலத்து ஒலிக்காகவும். 1967-இன் கேஸினோ ராயல் எல்பி, பர்ட் பக்கராக் இசையில், ஒலித் துல்லியத்துக்காக ஹை-ஃபை பிரியர்களிடையே பெயர்பெற்றது. டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டு பாடிய தி லுக் ஆஃப் லவ் அதில்தான் இருக்கிறது.

படி 7: பழைய தட்டு வாங்கும்போது

தர எழுத்துகள்: நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி, குட் என்று விற்பவர்கள் குறிப்பார்கள். குட் என்பதை நல்லது என்று நம்பிவிடாதீர்கள், அது கரகரக்கும் தட்டு. மெல்லிய ஒலிகள் நிறைந்த உளவுப் பட இசைக்கு விஜி பிளஸுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

மோனோவா ஸ்டீரியோவா: 1960-களில் ஒரே ஆல்பம் இரண்டு விதமாகவும் வந்தது. அமெரிக்க யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் தட்டுகளில் யூஏஎல் என்று தொடங்கும் எண் மோனோ, யூஏஎஸ் ஸ்டீரியோ.

வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: மேலோட்டமான கீறல் பெரும்பாலும் கேட்காது. நகத்தில் தட்டுப்படும் கீறல் கட்டாயம் கேட்கும். தட்டு வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

சிடியிலும் கவனம்: 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் அச்சான சில சிடிகள் நாளடைவில் செம்பு நிறமாகிக் கெட்டுப்போகின்றன. ஓரம் பழுப்பேறியிருந்தால் வாங்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் தபால் செலவையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் தபால் செலவு பங்காகும். டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு பதிப்பின் எண்ணும் அட்டைப் படமும் பழைய விற்பனை விலையும் கிடைக்கும்.

படி 8: பாதுகாப்பும் பதிவேடும்

நம் ஊர் வெயிலும் கடற்கரை ஈரமும் தட்டுக்கு எதிரிகள். எல்பிகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். ஜன்னல் வெயில் படும் சுவரும், ஓதமேறும் சுவரும் வேண்டாம். அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மழைக்காலத்தில் மாற்றுங்கள். பூஞ்சை படிந்த தட்டைக் காய்ச்சி வடித்த நீரும் மெல்லிய துணியும் கொண்டு, பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். பிவிசி உறைகள் காலப்போக்கில் தட்டின்மேல் மங்கல் படியவைக்கும், பாலித்தீன் உறை நல்லது.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். படம், ஆண்டு, இசையமைப்பாளர், நிறுவனம், பதிப்பு எண், வாங்கிய விலை. கூடவே ஒரு பத்தி: இந்தப் பதிப்பில் என்ன இருக்கிறது, படத்திலிருந்து என்ன விடுபட்டிருக்கிறது. ஒரே தட்டை இரண்டாம் முறை வாங்குவதிலிருந்து இந்தப் பத்திதான் காப்பாற்றும்.

படி 9: நம் ஊர் உளவாளிகளையும் விட்டுவிடாதீர்கள்

பாண்ட் அலை தமிழுக்கும் வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸின் வல்லவன் ஒருவன் (1966), சி.ஐ.டி. சங்கர் (1970) படங்களில் ஜெய்சங்கருக்கு வேதா இசை. எம்.ஜி.ஆரின் ரகசிய போலீஸ் 115 (1968) படத்துக்கு எம்.எஸ். விஸ்வநாதன். சுஜாதாவின் கதையில் வந்த விக்ரம் (1986) படத்துக்கு இளையராஜா. ஆனால் அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் பாட்டுகள்தான் கிடைக்கும். பின்னணி இசையைத் தனியாக வெளியிடும் வழக்கம் இங்கே அண்மையில்தான் வேர்விட்டிருக்கிறது. ஆகவே வேதாவின் பின்னணி இசையை ரசிக்க விரும்புகிறவருக்கு நல்ல பிரதியில் அந்தப் படத்தைப் பார்ப்பதுதான் வழி.

முதல் அலமாரிக்கு எட்டு

1. நார்த் பை நார்த்வெஸ்ட் – ஹெர்மன்
2. கோல்டுஃபிங்கர் – பேரி (பிரிட்டிஷ் பட்டியல் முழுதும் உள்ள பதிப்பு)
3. தி இப்க்ரஸ் ஃபைல் – பேரி
4. ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ் – பேரி
5. மிஷன்: இம்பாஸிபிள் – ஷிஃப்ரின்
6. தி ரஷ்யா ஹவுஸ் – கோல்ட்ஸ்மித்
7. தி பார்ன் ஐடென்டிட்டி – பவல்
8. டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை – இக்லேசியாஸ்

இந்த எட்டிலும் 1959 முதல் 2011 வரை உளவுப் பட இசை நடந்த பாதை முழுவதும் இருக்கிறது. மேலும் படிக்க விரும்புகிறவர்கள் ஜான் பர்லிங்கேம் எழுதிய தி மியூசிக் ஆஃப் ஜேம்ஸ் பாண்ட் (2012) நூலை வாங்கலாம், பார்க்க விரும்புகிறவர்களுக்கு தி சவுண்ட் ஆஃப் 007 (2022) ஆவணப்படம் இருக்கிறது.

எண்ணிக்கை பெருகுவது சேகரிப்பு ஆகாது. எட்டையும் படத்தோடு ஒருமுறை, தனியாக ஒருமுறை கேட்டு, என்ன மாறியிருக்கிறது என்று நோட்டில் எழுதி முடித்த பிறகு ஒன்பதாவதை வாங்குங்கள்.